ஏழாம் பதிப்பின் ஒரே வாசகி

எனக்குத் தைக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் அதை எடுத்து அலுவலக மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, அந்த இடத்தை டையால் மறைத்துக்கொள்வேன். இழுப்பறையில் இப்போது பதினொரு பொத்தான்கள். உங்கள் ஆட்கள் சோதனை போட்டபோது அவற்றைத் தனிப் பையில் போட்டு, எண் ஒட்டி, எடுத்துப்போனார்களாம். அந்தப் பொத்தான்களுக்கும் இந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவற்றை விட்டுவிடுங்கள்.

என் பெயர் பியோன் கி-தேக். வயது ஐம்பத்து மூன்று. மணமாகவில்லை. சியோலில் குரோ வட்டாரத்தில், எம்பிராய்டரி மெஷின்களை இயக்கும் மென்பொருள் தயாரிக்கிற நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். தொப்பியில் புலி, ஜாக்கெட் முதுகில் டிராகன், ராணுவச் சட்டையில் பெயர்ப்பட்டி, இவற்றையெல்லாம் மெஷின் எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற மென்பொருள். புலியையும் டிராகனையும் வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். என் வேலை பூட்டு.

விளக்குகிறேன். ஒரு மென்பொருளை விற்றுவிட்டால் அது முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பொறுமைசாலி யாராவது அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்களை வரிசையாகப் படித்துப் பார்த்தால், அது எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துவிடும். ‘சாவி எங்கே’ என்று அது கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம். அப்படிப் படிக்கிறவரைக் களைப்படையச் செய்வதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. அறைக்குள் அறை, போகாத வழி, பொய்க் கதவு, இப்படிக் கட்டிக்கொண்டே போவேன். மற்றவர்கள் எல்லோரும் படிக்கப்பட வேண்டும் என்று எழுதுகிறார்கள். நான் படிக்கப்படக் கூடாது என்று எழுதினேன். இரு தரப்புக்கும் வாசகர்கள் இல்லை.

என் அம்மா கடைசிவரை என்னைப் பூட்டுக் கம்பெனியில் வேலை செய்கிறவன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். அதை நம்பி ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்மணி, கதவு உள்ளே பூட்டிக்கொண்டது என்று என்னை அழைத்தார். ஒரு மணி நேரம் அந்தக் கதவின் முன்னால் நின்றேன். பிறகு இருவரும் சேர்ந்து பூட்டுக்காரருக்குப் போன் செய்தோம்.

இனி என் பூட்டுகளின் கதை. எங்கள் இயக்குநர் மேங், ஒரு ஜனவரி மாதக் கூட்டத்தில் பன்னிரண்டு பேருக்கு முன்னால் என்னைக் கேட்டார்.

“பியோன், நாலாவது பதிப்பு எத்தனை நாள் தாங்குச்சு?”

“ஒன்பது நாள் சார்.”

“அஞ்சாவது?”

“ஆறு நாள்.”

“ஆறாவது?”

“முப்பத்தோரு மணி நேரம்.”

“பரவாயில்ல, நாள் கணக்கு போயி மணிக் கணக்கு வந்துடுச்சு. அடுத்ததுக்கு ஸ்டாப்வாட்ச் ஒண்ணு வாங்கித் தரட்டுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். ஏழாவது பதிப்பு தொண்ணூறு நாள் தாங்க வேண்டும். இல்லையென்றால் என் பிரிவை மூடிவிட்டு, பூட்டு வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடுவார்கள். என் பிரிவு என்றால் நானும் ஒரு அச்சு இயந்திரமும்.

மூன்று பதிப்புகளையும் உடைத்தது ஒரே ஆள். இணையத்தில் ‘ஊசிக்காது’ என்ற பெயரில் வருகிறவர். உடைத்த பதிப்பை வெளியிடும்போது கூடவே இரண்டு வரி எழுதுவார். ஐந்தாவது பதிப்போடு வந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: ‘மூன்றாவது அறையில் வைத்திருக்கும் பொறி அழகு. நான்காவது அறையில் இருப்பது சோம்பேறித்தனம்.’ படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. நான்காவது அறை கட்டிய வாரம் எனக்குக் காய்ச்சல். சோம்பேறித்தனம் என்பது நியாயமான சொல்தான். இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

ஆறாவதை உடைத்தபோது ஊசிக்காது ஒரு தவறு செய்தார். அத்தாட்சியாகப் போட்ட புகைப்படத்தின் ஓரத்தில், புதிதாகத் தைத்த பெயர்ப்பட்டிகள் சில குவிந்து கிடந்தன. அவற்றின் அடியில் ஒரு படைப்பிரிவின் சின்னம் பாதி தெரிந்தது. வடக்கே ஹ்வாச்சான் பக்கம் முகாம் போட்டிருக்கும் பிரிவு அது. ராணுவ முகாம் இருக்கும் ஊரில் பெயர்ப்பட்டி தைக்கும் கடைகள் இருக்கும். ஜனவரிக் கூட்டம் நடந்த வாரத்துச் சனிக்கிழமை காலையில் பேருந்து ஏறினேன்.

ஊரில் ஐந்து கடைகள். ஒவ்வொன்றிலும் நுழைந்து, நான் மலையேறும் சங்கத்தின் தலைவர், உறுப்பினர்களுக்குத் தொப்பி வேண்டும் என்றேன். என்னை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எண்பத்தெட்டு கிலோ. அலுவலக மாடிப்படியில் நடுவில் நின்று போன் வந்ததுபோல் நடிக்கிற ஆள். முதல் இரண்டு கடைகளில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது கடைக்காரம்மா என் காலணியிலிருந்து உச்சந்தலை வரை ஒருமுறை பார்த்தார்.

“நீங்கதான் தலைவரா?”

“ஆமாங்க.”

“மேல ஏறுவீங்களா, இல்ல கீழ நின்னு கை தட்டுவீங்களா?”

அவர்தான் ஓக் மி-ரான். நாற்பத்தொன்பது வயது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், சட்டைக் கையெல்லாம் நூல் துணுக்கு. என்னோடு பேசிக்கொண்டே, புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களின் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மேசைமேல் கட்டம் போட்ட நோட்டு ஒன்று திறந்திருந்தது. பென்சிலால் பத்தி பத்தியாக எண்கள். தலைகீழாகத்தான் பார்த்தேன், ஆனாலும் உடனே தெரிந்துவிட்டது. என்னுடைய நான்காவது அறை.

“என்னங்க இது, கணக்கா?” என்று கேட்டேன்.

“புதிர். ஓய்வு நேரத்துக்கு” என்று நோட்டை மூடினார். “தொப்பி எத்தனை வேணும், தலைவரே?”

அன்றே நிறுவனத்திடம் சொல்லியிருக்கலாம். உங்களிடம் வந்திருக்கலாம். சட்ட நடவடிக்கை என்றால் வருடக் கணக்காகும் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எட்டுத் தொப்பிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வாங்கப் போனேன். பிறகு இன்னும் எட்டுக்குச் சொன்னேன். இதெல்லாம் முடிவதற்குள் என் வீட்டில் ‘ஏழு சிகரம் மலையேறும் சங்கம்’ என்று எழுதிய தொப்பிகள் தொண்ணூற்றாறு சேர்ந்துவிட்டன. சங்கத்தில் உறுப்பினர் ஒருவர்.

“உங்க ஆளுங்களுக்கு என்ன, ஆளுக்கு ரெண்டு தலையா?” என்பார் மி-ரான். பார்லித் தண்ணீர் ஊற்றிக்கொடுப்பார்.

அந்தக் கடையில் எப்போதும் இன்னொருவர் இருப்பார். சார்ஜண்ட் தோ போங்-சிக். ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். துணிக்கட்டு இறக்குவார், முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். மீதி நேரம் மி-ரானைப் பார்த்துக்கொண்டிருப்பார். இலையுதிர் காலத்தில் கல்யாணம் செய்துகொள்வதாக இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால் மி-ரான் சொல்வார், “இவருக்கு முப்பது வருஷமா நான்தான் பேர் தைக்கறேன். வேற யார்கிட்டயும் போகத் தெரியல, அதான்.”

இங்கே ஒரு விஷயம் பதிவாக வேண்டும். மி-ரான் எங்கள் மென்பொருளைத் திருடியவர் அல்ல. முறையாக வாங்கியவர். பெட்டி அவர் கடை அலமாரியில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், நாங்கள் கொடுக்கும் சாவி, கணினியில் செருகும் சின்னத் துண்டு, அது பழுதாகிவிட்டது. அன்று புதன். வெள்ளிக்கிழமை இருநூற்றுப் பத்துச் சிப்பாய்களுக்குப் பயிற்சி முடிவு விழா. எங்கள் நிறுவனத்துக்குப் போன் செய்திருக்கிறார்.

“பழைய சாவியை அனுப்புங்க, வந்து சேந்ததும் புதுசு அனுப்பறோம், பத்து நாள் ஆகும்னாங்க” என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். “சரி, பத்து நாள் காத்திருக்கறதுக்குப் பதிலா நானே உள்ள போய்ப் பாக்கறேன்னு உக்காந்தேன். ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகல. இருநூத்திப் பத்துப் பேரையும் கையால தைச்சேன். ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டேனா, அப்புறம் விட முடியல.”

அந்தப் பத்து நாள் விதியை எழுதியது நான். ஆகவே ஊசிக்காதை உருவாக்கியதும் நான்தான் என்று சொல்லலாம். பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள், சார்ஜண்ட் முகாமுக்குப் போயிருந்த நேரம், மி-ரான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தானாகவே பேசினார்.

“இதை எழுதின ஆளை எனக்குத் தெரியும், தலைவரே.”

குவளையைக் கீழே வைத்தேன். “தெரியுமா?”

“பாத்ததில்ல. ஆனா தெரியும். நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு யோசிச்சு, அங்க ஒரு பள்ளம் வெட்டி வச்சிருப்பார். நான் அதைத் தாண்டினா, அடுத்த தடவை அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் அழகா இருக்கும். நல்ல மூளை. கொஞ்சம் கர்வி. வீட்ல பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காதுன்னு நெனைக்கறேன்.”

“அதெல்லாமா தெரியும்?”

“தெரியுதே.”

என்னை யாரும் அவ்வளவு சரியாகப் படித்ததில்லை. என்னைப் பெற்றவர்கூடப் பூட்டுக் கம்பெனி என்றுதான் நினைத்தார். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்தது வெறுப்பில் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அதே பேச்சில்தான் அவர் தன் அம்மாவைப் பற்றியும் சொன்னார்.

“ரொம்ப நாள் இதெல்லாம் செய்ய முடியாது. எங்கம்மாவுக்கு ஐம்பத்தோரு வயசுல ஆரம்பிச்சது. மொதல்ல எண்ணுங்க இடம் மாறிச்சு. முப்பத்தாறை அறுபத்து மூணுன்னு எழுதுவாங்க. அப்புறம் பேருங்க. கூப்பிடறப்ப ஒரு எழுத்து மாறும். அப்புறம் நாங்க யாருன்னே தெரியாமப் போச்சு. எனக்கு வர்ற வருஷம் ஐம்பது. தினமும் காலைல எந்திரிச்சதும் பழைய போன் நம்பரெல்லாம் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்குவேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் வராது” என்றேன். மனதாரச் சொன்னேன். அப்போது என் மனதில் ஒரு சொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணம் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

பூட்டைப் பலப்படுத்திப் பயனில்லை என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. எத்தனை அறை கட்டினாலும் அவர் வந்துவிடுவார். எல்லா வழிகளும் அவருடைய ஒரே ஒரு கருவியை நம்பித்தான் இருந்தன. அந்த நோட்டு. இன்று படித்ததை எழுதிவைத்து, நாளை அதன்மேல் நடந்துபோவார். நோட்டை அவர் நம்பாமல் போனால், ஒரு அறைகூட வேண்டாம்.

ஏழாவது பதிப்பை இரண்டு விதமாகச் செய்தேன். நாடு முழுவதற்கும் ஒரு சாதாரணப் பூட்டு. ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் வேறு. மி-ரானின் மெஷினின் பக்கவாட்டில் அதன் எண் பொறித்திருக்கும். கீழே உருண்ட நூல்கண்டை எடுத்துக்கொடுக்கக் குனிந்தபோது அதைப் படித்துக்கொண்டேன். அவர் நன்றி சொன்னார்.

அந்த மெஷினில், மென்பொருள் தன்னைத்தானே கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் மாற்றினால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே மிகக் கொஞ்சம். முந்தைய நாள் 4136 என்று இருந்த எண் மறுநாள் 4316 ஆகிவிடும். மனிதர் கை பிசகி எழுதுவதுபோலவே. அவர் நோட்டில் அடித்துத் திருத்துவார். மூன்று நாள் கழித்து அது பழையபடி 4136 ஆகிவிடும். வாரத்துக்கு நான்கு எண்கள், அதற்கு மேல் இல்லை. நான் அளவு தெரிந்தவன்.

மார்ச்சில் புதிய பதிப்பு அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. முறையாக வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் அதை இலவசமாகத்தான் அனுப்பினோம்.

முதல் மாதம் நோட்டில் சிவப்புத் திருத்தங்கள் வந்தன. இரண்டாவது மாதம் இரண்டு நோட்டுகள், ஒன்றுக்கு ஒன்று சரிபார்க்க. பிறகு சார்ஜண்டைப் பக்கத்தில் உட்கார வைத்து எண்களை உரக்கப் படிக்கச் சொல்லி எழுதினார். அவர் அணிவகுப்பு மைதானக் குரலில் படிப்பார். “நாலு. ஒண்ணு. மூணு. ஆறு.” தெருவே கேட்கும். மறுநாள் அதுவும் பொருந்தாது.

அப்படியானால் போனில் படம் எடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. எடுத்தார். ஆனால் தன் கண்ணை நம்புகிறவர் படம் எடுக்க மாட்டார், நம்பிக்கை போன பிறகுதான் எடுப்பார். அதற்கு அறுபது நாள் ஆகும் என்று கணக்கிட்டிருந்தேன். அறுபதாவது நாளிலிருந்து மென்பொருள் எண்களை மாற்றுவதை நிறுத்திவிட்டது. அவர் படம் எடுக்க ஆரம்பித்தது அறுபத்து நான்காவது நாள். எடுத்த படமெல்லாம் திரையோடு பொருந்தியது. நோட்டு மட்டும்தான் பொருந்தவில்லை. அப்போது அவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நான் நான்கு நாள் பிசகியதற்கு வருத்தப்பட்டேன்.

தொண்ணூறு நாள் முடிந்தது. ஏழாவது பூட்டு உடையவில்லை. இயக்குநர் மேங் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். பாராட்டு பொறித்த கண்ணாடிப் பலகை ஒன்றும், டின் இறைச்சி அடுக்கிய பரிசுப் பெட்டி ஒன்றும் கொடுத்தார். பலகையில் என் பெயர் சரியாகத்தான் பொறிக்கப்பட்டிருந்தது.

பெயர் என்றதும் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் பெயர்களும் மாறின. எண்கள் மட்டும் மாறினால் அவர் என்றாவது ஒருநாள் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். தட்டச்சு செய்த பெயர்களும் மாறினால் தன்னைத்தான் சந்தேகிப்பார். அவர் அம்மாவுக்கு அந்த வரிசையில்தான் நடந்தது. நம் கொரிய எழுத்தில் ஒரு சிறு கோடு மேலே இருந்தால் ஓர் ஒலி, கீழே இருந்தால் வேறு ஒலி. மாலையில் சேமித்து வைத்த பட்டியலில், இரவோடு அறுபது பெயருக்கு ஒரு பெயரில் அந்தக் கோடு இடம் மாறும். மறுநாள் அவர் தைப்பார். தப்பு தெரிந்து பட்டியலைத் திறந்து பார்த்தால் பட்டியலிலும் தப்பாகவே இருக்கும். அதை அடித்தது அவர் விரல்தான், வேறு யார்.

ஒரு சிப்பாய் தன் பெயரல்லாத பெயரோடு அணிவகுப்பில் நின்றதற்காக மைதானத்தைச் சுற்றி ஓட வைக்கப்பட்டான். பயிற்சி முடிவு விழாவுக்குத் தெற்கிலிருந்து வந்த ஒரு தாய், மகனின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, இது யார் சட்டை என்று கேட்டாராம். மி-ரான் அந்த அம்மாவிடம் நேரில் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஜூலையில் முகாம் அவரிடம் வேலை கொடுப்பதை நிறுத்தியது. ஆகஸ்ட்டில் கடையை மூடினார். சார்ஜண்டிடம் கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

உங்கள் கோப்பில் சார்ஜண்டின் வாக்குமூலம் இருக்கிறது. அதில் இருக்கும் அந்த உரையாடலை நான் இரண்டு முறை படித்தேன்.

“முதலாளியம்மா, நான் பாத்துக்கறேன். நீ என்னை மறந்தாலும் நான் தினமும் வந்து பேர் சொல்றேன்.”

“எங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு, சார்ஜண்ட். பன்னெண்டு வருஷம் சொன்னாரு. எங்கம்மா அவரைத் திருடன்னு நெனைச்சுப் பாத்திரத்தை விட்டு எறிஞ்சாங்க. உங்க மேல நான் எதையும் எறிய விரும்பல.”

மி-ரான் வோன்ஜூவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது மெஷினையும் கணினியையும் சார்ஜண்டிடம் விட்டுப்போனார். அதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை. சார்ஜண்ட் தோவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அக்டோபரில் அந்த மனிதர், மி-ரானின் ஞாபகமாக ஒரு தொப்பி தைத்துக்கொள்ளலாம் என்று கணினியைத் திறந்து தன் பெயரை அடித்திருக்கிறார். சேமித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். காலையில் தைத்தால் ‘தோ’ என்பது ‘தூ’ என்று வந்திருக்கிறது. அறுபதுக்கு ஒன்று என்ற கணக்கில் முறை அவர் பெயருக்கு வந்துவிட்டது. என்னுடைய வாசகியாக இருந்தால் தன் மூளையைச் சந்தேகித்திருப்பார். சார்ஜண்ட் அந்தப் பழக்கமே இல்லாதவர். கணினியை அப்படியே போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

“நான் ரெண்டு விரலால அடிக்கற ஆளு” என்று உங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். “என் பேரை அடிக்க நாலு நிமிஷம் ஆச்சு. தப்பா அடிக்கற அளவுக்கு எனக்கு வேகமே கிடையாது. இந்தப் பெட்டிதான் பொய் சொல்லுது. முதலாளியம்மா நல்லாத்தான் இருக்காங்க.”

இரவு பகலாக உழைத்து நான் எழுதியதை, ஒரு வரிகூடப் படிக்காமல் அவர் புரிந்துகொண்டார்.

ஆனால் பெட்டி பொய் சொல்கிறது என்று நிரூபிக்க அதன் உள்ளே படிக்க வேண்டுமே. உங்கள் ஆய்வகத்தார் நான்கு மாதம் முயன்றார்கள். பாவம். கடைசியில் நாட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆளைத் தேடி வோன்ஜூவுக்குப் போனீர்கள். மி-ரான் ஒரு காலைப் பொழுது முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்தாராம். முதல் இரண்டு அறைகளைச் சரியாகப் படித்தாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நான் படிக்கறதை நம்பாதீங்க” என்று சொல்லி எழுந்துவிட்டாராம்.

அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நானாக வந்தேன். எங்கள் நிறுவனத்து வழக்கறிஞர், வாயைத் திறக்காதீர்கள், எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லியிருந்தார். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்கப் போவதில்லை, படிக்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், என் வாழ்நாளின் சிறந்த வேலை பெட்டிக்குள் கிடந்தது, அதைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. ஆகவே அறுபத்திரண்டு பக்கத்தில் படங்களோடு விளக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். உங்கள் ஆய்வகத்து இளைஞர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “இதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கித் தர முடியுமா சார்?” என்று கேட்டார்.

நேற்று மாலை நீங்கள் கிளம்பும்போது ஒன்று சொன்னீர்கள். என் அறுபத்திரண்டு பக்கத்தையும் மி-ரானிடம் காட்டினீர்கள். எந்த நாளில் எந்த எண் மாறியது, எந்தச் சிப்பாயின் பெயர் எப்போது மாறியது, எல்லாம் அதில் இருக்கிறது. அவர் முழுவதும் படித்தார். புரிந்துகொண்டார். இருந்தும் இன்னமும் கழுத்தில் தங்கையின் போன் எண் எழுதிய அட்டையோடுதான் நடமாடுகிறார். அடுப்பைத் தொடுவதில்லை. தனியாக வெளியே போவதில்லை. சார்ஜண்ட் வாராவாரம் பேருந்தில் வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போகிறார். மருத்துவர் இரண்டு முறை சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். ஏன் நம்ப மறுக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

“பெட்டி செஞ்சதை நான் ஒத்துக்கறேன். ஆனா பெட்டி மட்டும் இல்லைங்க. வெளியாள் ஒருத்தரும் பாத்திருக்காரு. மலையேறும் சங்கத்துத் தலைவர். அவருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?”

அந்தத் தலைவரைக் கண்டுபிடித்துச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். மலையேறும் சங்கங்களின் பட்டியலை வைத்துத் தேடச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தேடலை நிறுத்திவிடலாம். அறுபத்திரண்டு பக்கத்தில் இதை மட்டும் நான் எழுதவில்லை, ஏனென்றால் இது மென்பொருளைப் பற்றியது அல்ல.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. கடை பாதி காலியாகிவிட்டது. சார்ஜண்ட் வெளியே வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மி-ரான் எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“தலைவரே, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. டாக்டர் எனக்கு ஒண்ணும் இல்லங்கறாரு. சார்ஜண்டும் ஒண்ணும் இல்லங்கறாரு. டாக்டருக்கு என்னைத் தெரியாது. சார்ஜண்டுக்கு என்னைப் பிடிக்கும். ரெண்டு பேர் பேச்சையும் எடுத்துக்க முடியல. நீங்க மாசம் ரெண்டு தடவை வர்றீங்க, உக்காந்து பேசறீங்க. எங்கிட்ட ஏதாவது மாத்தம் தெரியுதா?”

அன்று தேதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். தொண்ணூறு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. பரிசுப் பெட்டியில் பாதி டின்களை நான் சாப்பிட்டுவிட்டேன். அவர் ஒரு மாதமாக நோட்டைத் திறக்கவே இல்லை. ‘ஒரு மாற்றமும் இல்லை’ என்று நான் சொல்லியிருந்தால் பூட்டுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

“கொஞ்சம் தெரியுது” என்றேன். “வசந்த காலத்துல இருந்தே.”

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் தன் சட்டைக் கையிலிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு, “எல்லாரும் மூடி மூடிப் பேசறாங்க. நீங்க ஒருத்தர்தான் நேர்மையாச் சொன்னீங்க” என்று எனக்கு நன்றி சொன்னார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகத்தான் சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.